வெளிப்பக்கம் தொங்கிய பூட்டு

எங்கள் தெருவில் ஒரு வீட்டைத் திருடன் திறந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் திடீர் மரியாதை. தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்று ஆவடியில் வந்து உட்கார்ந்தவனை அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. சிலிண்டரில் ரப்பர் குழாய் மாற்றத் தெரியுமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இப்போது மாலையில் நடக்கப் போனால் ஆளுக்கொரு வாசலில் நிறுத்தி வைத்து யோசனை கேட்கிறார்கள்.

எதிர்வரிசை பாஸ்கர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அண்ணாத்தே, சர்வீஸ்ல எத்தினி கதவ ஒடச்சிருப்பே! எந்தப் பூட்டு உன்னால ஒடைக்க முடியலன்னு சொல்லு. அத்த வாங்கி எல்லாரும் மாட்டிக்கிறோம். ஒண்ணு, செலவு மட்டும் கம்மியா இருக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வசந்தா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "அவரையா கேக்கற? அவருக்கும் திருடனுக்கும் சட்ட கலருதான் வித்தியாசம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு வரவில்லை. பாஸ்கருக்குச் சொல்ல வேண்டியது ஒரு பூட்டின் பெயர் இல்லை. கதவுகளைப் பார்த்து நான் அதிர்ந்துபோன கதையைச் சொல்ல வேண்டும். அது வாசலில் நின்று பேசி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், குழாய் சுருட்டினோம், புகை நிரம்பிய அறைக்குள் தவழ்ந்தோம். கதவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு மதியம். கடப்பாரையை எந்தச் சந்தில் செருகுவது என்று காட்டினார்கள், செருகினோம், உடைந்தது, சாப்பிடப் போனோம். கதவு என்றால் உடைப்பதற்கான ஒரு பலகை என்றுதான் நெஞ்சில் பதிந்தது.

அதை மாற்றியவர் தணிகாசலம் ஐயா. எங்கள் நிலைய அலுவலர். நேரடியாக அதிகாரியாகத் தேர்வாகி வந்தவர், ஏறக்குறைய என் வயதுதான். துறையில் என்னை ஊர் ஊராக மாற்றினாலும் சுற்றிச் சுற்றி இரண்டு முறை அவரிடமே வந்து சேர்ந்தேன். குரலை உயர்த்தமாட்டார். கூட்டம் கத்தும், தெரு கத்தும், வண்டி மணி கத்தும், அவர் மட்டும் பாங்கில் டோக்கன் வாங்கக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு ஏலக்காய் அடக்கியிருப்பார்.

பூட்டிய வீடு என்று அழைப்பு வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலிங் பெல் அடிப்பார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். அப்புறம் புறங்கையைக் கதவில் மேலிருந்து கீழாக வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு கைப்பிடியைச் சும்மா திருகிப் பார்ப்பார். திறக்காது என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்த எத்தனையோ கதவுகள் அதிலேயே திறந்திருக்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் கீல் பக்கம் போவார். பூட்டு இருக்கும் பக்கத்துக்குக் கடைசியில்தான் வருவார். உள்ளே போன வேலை முடிந்ததும் ஒரு ஆளை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். உடைத்த கதவுக்கு, வீட்டுக்காரர் வரும்வரை நாம்தான் காவல் என்பார்.

அம்பத்தூரில் ஒரு மாடி வீடு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தார் அந்த வீட்டு அம்மா. காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த பூட்டு. பால் பொங்கி, தீய்ந்து, புகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து ஓடி வந்தும் பயனில்லை, சாவிக்கொத்து உள்ளே. அந்த நிலையிலும் மனிதர் பூட்டைப் பற்றிப் பெருமையடித்தார். அதை ஒரு திருடனும் திறக்க முடியாது, கடைக்காரன் கேரண்டி கொடுத்திருக்கிறான் என்றார்.

நான் கடப்பாரையைத் தூக்கினேன். ஐயா கை காட்டி நிறுத்திவிட்டு பெல் அடித்தார்.

"ஐயா, உள்ளதான் யாரும் இல்லன்னு சொல்றாங்களே" என்றேன்.

"அவங்க சொல்றாங்க. நாம பாத்தோமா?" என்றார்.

பிறகு கதவைத் தடவினார், கைப்பிடியைத் திருகினார், கீல் பக்கம் குனிந்தார். வெளிப்புறமாகத் திறக்கும் கதவு அது. அதனால் மூன்று கீல்களும் வெளியே, எங்கள் முகத்துக்கு நேராகவே இருந்தன. ஒரு ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் வாங்கி, கீலில் இருந்த ஊசிகளைக் கீழிருந்து மேலாகத் தட்டினார். கரும்புச் சக்கை மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. கதவைக் கீல் பக்கமாக நெம்பி எடுத்து இரண்டு பேராகச் சுவரில் சாய்த்து வைத்தோம். கேரண்டிப் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக் கதவின் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். பாஸ்கர், நீயும் பார். வெளியே இருந்தால், ஊசியைக் கழற்ற முடியாத கீலாக மாற்று. உள்ளே இருந்தால் நிலையில் எவ்வளவு ஆழத்துக்கு ஸ்க்ரூ இறங்கியிருக்கிறது என்று பார். பெரும்பாலும் நகக்கண் அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். நீளமான ஸ்க்ரூ போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஹார்டுவேர் கடையில் அதற்கு ஒரு டீ குடிக்கிற காசுதான் ஆகும்.

அடுத்தது நசரத்பேட்டையில். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம், நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் பெரிதாக வீடு கட்டியிருந்தார்கள். ஹாலுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று எல்லாரும் வெளியே ஓடி வந்து கதவைச் சாத்திவிட்டார்கள். இங்கேயும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, சாவி பாம்போடு உள்ளே. முன்பக்கம் ஆள் உயர இரும்பு கேட், மதில் மேல் கண்ணாடிச் சில்லு, நாலு மூலையிலும் கேமரா. ஐயா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வேலைக்காரர்களுக்காகப் பின்னால் ஒரு குளியலறை கட்டி, அதிலிருந்து வீட்டுக்குள் போகவும் வழி வைத்திருந்தார்கள். அதற்குப் போட்டிருந்தது பிளாஸ்டிக் கதவு. ஐயா கட்டைவிரலால் அழுத்தினார். கதவு உள்ளே வளைந்து தாழ்ப்பாள் நழுவியது.

வீட்டுப் பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா நைனா இது! இத்தினி நாளா இப்டியா தொறந்து கெடந்துச்சு?" என்று கேட்டார். பாம்பைப் பிடித்து வெளியே கொண்டுவந்தபோதுகூட அவர் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்க்கிற பக்கத்துக்கு நகை நட்டெல்லாம் பூட்டிவிட்டு, திருடன் வருகிற பக்கத்துக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறோமே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய அதிர்ச்சிகள். திருமழிசையில் நடந்தது அப்படி இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி அது நடந்தது. நண்பகலுக்கு முன்னால் அழைப்பு வந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிய பழைய ஊர்த் தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள். நாங்கள் போனபோது நடுவில் ஒரு வீட்டின் முன்வராந்தா எரிந்துகொண்டிருந்தது. வராந்தாவுக்கு முழுக்க கிரில் போட்டு, மழைச்சாரலுக்காக உள்பக்கம் தகரமும் அடித்திருந்தார்கள். கிரில் கேட்டில், வெளிப்பக்கம், உள்ளங்கை அளவு பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே கறுத்த புகை. நடுநடுவே டொம் டொம் என்று சத்தம்.

தெருவே கூடி நின்றது. குழாயடியில் நின்ற அம்மா ஒருத்திதான் முன்னால் வந்து பேசினாள்.

"ஊட்ல யாரும் இல்ல சார். புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு. ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்கோ. காலீல அந்தப் பொண்ணு பூட்டிக்கினு போச்சு, நான் பாத்தேன்."

"அந்தச் சத்தம்?" என்று ஐயா கேட்டார்.

"உள்ள இன்னாமோ வெடிக்குது சார். அப்பலேந்து வெடிச்சிக்கினே கீது."

யாரும் இல்லை என்றதும் எங்கள் ஆட்களின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. மனித இயல்பு அது. பொருள்தானே, எரிந்தால் எரியட்டும், பக்கத்து வீடுகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வோம் என்று நான் குழாயைப் பக்கச் சுவருக்குத் திருப்பினேன். ஐயா அசையாமல் கிரில் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் ஓரிடத்தில் சுருண்டு, உள்ளே எரிவது என்ன என்று தெரிந்தது. பேட்டரி ஸ்கூட்டர். தெருவில் விட்டால் திருடிவிடுவார்கள் என்று வராந்தாவுக்குள் ஏற்றி, அங்கேயே சார்ஜ் போட்டிருந்தார்கள். சார்ஜ் ஒயர் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது.

"இது யார் வண்டி?" என்று கேட்டார்.

"அந்தத் தம்பிதுதான் சார். பழனி."

"அவரு வேலைக்கு எதுல போவாரு?"

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். முகம் மாறிவிட்டது. "இதுலதான் சார்" என்றாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, அந்தத் தம்பிக்கு இப்ப நைட் சிப்டு சார்!"

ஐயா முதல்முறையாகக் கத்தியதை அன்றுதான் கேட்டேன். "உள்ள ஆள் இருக்கு! ஏகாம்பரம், தண்ணிய உள்ள திருப்பு!"

என் கை தானாகத் திரும்பியது. தண்ணீர் விழுந்ததும் நீராவி எழுந்து முகத்தில் அடித்தது. இன்னொருவன் பூட்டை வெட்டும் கத்திரியைக் கொண்டு வந்து வைத்தான். பூட்டு கொதித்துக்கொண்டிருந்ததால் கத்திரி வழுக்கியது. மறுபடி வைத்து, இரண்டு பேராகத் தொங்கி அழுத்தினோம். வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. அந்த நேரத்தில்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சாவியை ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சாவி இந்தாங்க சார், சாவி, தொறங்க, அவரு உள்ள தூங்கறாரு!"

பூட்டு அவள் காலடியில் புகைந்துகொண்டு கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

நான் மூச்சுக்கருவி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வராந்தாவைத் தாண்டி இருந்த மரக்கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. அறையில் புகை இடுப்புக்குக் கீழேதான் கொஞ்சம் தெளிவாக இருந்தது. தவழ்ந்தேன். பாய் இருந்தது, ஆள் இல்லை. அடுப்படியில் இல்லை. பின்வாசல் என்று ஒன்று அந்த வீட்டுக்கே இல்லை, பின்சுவர் அடுத்த தெரு வீட்டுச் சுவர். ஜன்னல்களில் கம்பி, அதன் மேல் வலை. கடைசியாகக் குளியலறைக் கதவு. அடியில் ஈர லுங்கி சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது. தள்ளினேன். உள்ளே குழாய் திறந்திருக்க, தரையில் தண்ணீரில் முகம் சாய்த்துக் கிடந்தான் அந்தப் பையன். முப்பது வயதுகூட இருக்காது. மூச்சு இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் வலது கை விரல் முட்டிகள் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை அவன் மனைவி சுமதி பேசிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"இவரு படுத்தா எழுந்திருக்கவே மாட்டாரு சார். போன வருசம் கதவ சும்மா சாத்திட்டுப் போயிருந்தேன். எவனோ உள்ள வந்து, தலமாட்டுல இருந்த போன எடுத்துக்கினு போயிருக்கான். இவருக்குத் தெரியவே இல்ல. அன்னிலேந்துதான் சார் வெளில பூட்டினு போறேன். பத்திரமா இருக்கட்டும்னுதானே சார் பூட்டினேன்?"

"இன்னொரு சாவி இல்லையாம்மா? உள்ள அவர்கிட்ட?"

"இருக்கு சார். தொலஞ்சிடக் கூடாதுன்னு வண்டி சீட்டுக்கு அடில வச்சிருந்தாரு."

எரிந்து எலும்புக்கூடாக நின்ற ஸ்கூட்டரை நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். ஐயா வாயிலிருந்த ஏலக்காயைத் துப்பிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையன் பிழைத்துவிட்டான். குரல் கரகரப்பாக, விட்டு விட்டு வந்தது.

"தட்டினேன் சார். வராந்தா கதவத் தொறந்தா நெருப்பு. சாத்திட்டுக் கதவத் தட்டினேன், சொவுத்தத் தட்டினேன், கத்தினேன். வெளில ஜனங்க பேசறது எனக்குக் கேக்குது சார். யாரும் இல்ல, யாரும் இல்லன்னு சொல்றாங்கோ. நான் கீறேன்னு கத்தறேன். எல்லாரும் பூட்டத்தான் சார் பாத்தாங்கோ."

வெடிக்கிற சத்தம் என்று தெருவே சொன்னதும், நானும் நம்பியதும், அவன் முட்டிகளின் சத்தம். ஐயா வெளியே வந்து வண்டியில் ஏறும்போது சொன்னார்.

"ஏகாம்பரம், இனிமே வெளிப்பக்கம் பூட்டு தொங்குனா, உள்ள ஆள் இருக்குன்னே நெனச்சு வேல பாரு."

இந்தப் பக்கம் முழுக்க ஷிப்டு வீடுகள். ஒருத்தர் தூங்கும்போது ஒருத்தர் வேலைக்குப் போகிற வீடுகள். தூங்குகிறவரை எழுப்பித் தாழ்போடச் சொல்ல மனசு வராமல், வெளியே ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போகிறார்கள். ஆசையில் செய்கிற காரியம் அது. இருப்பதிலேயே மலிவான காவலும் அதுதான். பாஸ்கர், உன் வீட்டில் நைட் ஷிப்டு உண்டு. வெளியே சாவியால் பூட்டவும், உள்ளே சாவி இல்லாமலே குமிழைத் திருகித் திறக்கவும் முடிகிற பூட்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை வாங்கு. அதற்கும் வசதிப்படவில்லை என்றால் இன்னொரு சாவியை உள்ளே ஆணியில் மாட்டு, ஜன்னலுக்கு எட்டாத இடத்தில். வண்டியை வாசலை மறித்து நிறுத்தாதே.

திருமழிசை வேலைக்கு மறுநாள் காலை டியூட்டி முடிந்து, ஆவடிக்கு வருமுன் நாங்கள் இருந்த வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் ஓய்வு. கல்யாணமான காலத்திலிருந்து என் வழக்கம் இதுதான்: வீட்டுக்கு வருவேன், குளிப்பேன், சாப்பிடுவேன், படுப்பேன். வசந்தா அப்போது சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் மதியம் திரும்பி வந்து எழுப்பினால்தான் கண் விழிப்பேன். அன்று தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பையனின் முட்டிகள் வந்தன. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, கொலுசுச் சத்தம் கேட்காமல் வசந்தா அடிமேல் அடி வைத்து வெளியே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் வெளிப்பக்கம் கொண்டி இழுபடும் சத்தம். அப்புறம் ஒரு க்ளிக்.

எழுந்து உட்கார்ந்தேன். காது பொய் சொல்கிறது என்று நினைத்தேன். போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கொண்டி மட்டும் வெளியே ஆடியது. அவளுக்குப் போன் போட்டேன். பஸ் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.

"இன்னாங்க, தூங்கலையா?"

"கதவ வெளில பூட்டியிருக்க?"

"ஆமா."

"எப்பலேந்து?"

"இன்னாது எப்பலேந்து? தினமும்தான் பூட்டினு போறேன். நீங்க படுத்தா இடிதான் உழுந்தாலும் எழுந்திருக்க மாட்டீங்க. தொறந்து போட்டா போவ முடியும்? பேசாம தூங்குங்க, மத்தியானம் வந்து தொறக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். இத்தனை வருஷமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கதவின் கண்ணாடி ஓட்டை வழியாக வெளியே பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பல வருஷப் பழக்கம், நல்ல மனிதர். எனக்கு என்ன தோன்றியதோ, கை முட்டியால் கதவைத் தட்டினேன். பலமாகத் தட்டினேன். "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். எங்கள் வாசலைப் பார்த்தார். நான் விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து இரண்டடி முன்னால் வந்து பூட்டைப் பார்த்தார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தார், தெருக்கோடியைப் பார்த்தார், பேப்பரை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.